பாட்டு கேக்குற ரூம்ல ஹைஃபை ரேக்கை எங்க வைக்கணும்? புதுசா செட் பண்றவங்களுக்கு

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எது வாங்கலாம், ஸ்பீக்கர் எது வாங்கலாம்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. வாங்கிட்டு வந்த சாமானை அடுக்குற ரேக்கை ரூம்ல எந்த இடத்துல வைக்கிறதுன்னு கேட்டா மட்டும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வெளிநாட்டு ஆலோசனைல பாதி பலகைத் தரை போட்ட வீட்டுக்கு எழுதினது, நடந்தா தரை அதிரும், அதனால ஊசி குதிக்கும்னு பக்கம் பக்கமா இருக்கும். நம்ம ஊர்ல கான்கிரீட் ஸ்லாப் மேல டைல்ஸ், அந்தக் கவலையே முக்கால்வாசி கிடையாது, ஆனா அவங்க யாருமே சொல்லாத வேற கவலைங்க இருக்கு, ஏசி தண்ணி சொட்டுறது, சுவத்துல ஓதம், இன்வெர்ட்டர் லைன், பல்லின்னு. இதையெல்லாம் ஒவ்வொண்ணா தேடி, கேட்டு, ரேக்கை இழுத்து இழுத்து வச்சுப் பாத்து ஒரு வழிக்கு வர்றதுக்குள்ள எனக்குப் பெரும்பாடாயிடுச்சு. நீங்க அவ்ளோ அலைய வேணாம்.

நான் சொல்றது சென்னை ஃப்ளாட்ல ஒரு 12க்கு 14 அடி ரூம், 10 அடி உயரம், ரெண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், ஒரு டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்), ஒரு ஸ்ட்ரீமர் (நெட்லேர்ந்து பாட்டு எடுக்குற பெட்டி). உங்க ரூம் அளவு வேறயா இருந்தாலும் வரிசை இதேதான்.

1. ரேக்கைக் கடைசில முடிவு பண்ணுங்க

முக்கால்வாசிப் பேர் பண்றது என்னன்னா முதல்ல கார்பென்டரைக் கூப்பிட்டு டிவி யூனிட் மாதிரி சுவத்தோட சேத்து ஒண்ணு அடிச்சுடுறாங்க, அப்புறம் அதுக்கு ரெண்டு பக்கமும் மிச்சம் இருக்குற சந்துல ஸ்பீக்கர், அதுக்கு எதுத்தாப்ல எங்க இடம் இருக்கோ அங்க சோஃபா. இது தலைகீழ். முதல்ல நீங்க உக்கார்ற இடம், ரெண்டாவது ஸ்பீக்கர், இது ரெண்டும் முடிஞ்ச பிறகு மிச்சம் இருக்குற இடத்துலதான் ரேக். ஏன்னா ஸ்பீக்கர் அரை அடி நகந்தா பேஸே (கனமான அடித்தொனி) மாறிடும், ரேக் அரை அடி நகந்தா பெருசா ஒண்ணும் ஆகாது.

என் ரூம்ல 12 அடி சுவத்துப் பக்கம் ஸ்பீக்கர், அதுக்குப் பின்னாடி இருக்குற சுவத்துலேர்ந்து (இதைத்தான் முன்சுவர்னு சொல்றேன்) இரண்டரை அடி முன்னாடி, பக்கச் சுவத்துலேர்ந்தும் இரண்டரை அடி உள்ள. ரெண்டுக்கும் நடுவுல 7 அடி. உக்கார்ற நாற்காலி அந்த முன்சுவத்துலேர்ந்து 9 அடி. மூணும் கிட்டத்தட்ட சம முக்கோணம். முதல்ல மாஸ்கிங் டேப்பைத் தரைல ஒட்டி இதை மார்க் பண்ணிக்கோங்க, அப்புறம் ரேக் வரப்போற இடத்துக்கும் ஒரு கட்டம் ஒட்டுங்க. ஒரு பழைய டீப்பாய் மேல சாமானை வச்சு ரெண்டு வாரம் ஓட்டுங்க. அந்த ரெண்டு வாரம் முடியுற வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

2. ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுலயா, பக்கச் சுவத்துலயா

நடுவுல வச்சா ஸ்பீக்கர் வயர் சின்னதா போயிடும், பாக்க அழகா இருக்கும், ரிமோட் நேரா வேலை செய்யும். சிக்கல் என்னன்னா பாடறவங்க குரல் நிக்கிற இடமே அதுதான். ரெண்டு ஸ்பீக்கர்லேர்ந்தும் வர்ற சத்தம் ரேக்கோட முகத்துல, கண்ணாடிக் கதவுல, மேல இருக்குற டிவி கண்ணாடில பட்டுத் திரும்பி வருது, நடுவுல நிக்க வேண்டிய குரல் பட்டையா விரிஞ்சு கேக்கும், ஆழம் போயிடும். நடுவுலதான் வச்சாகணும்னா மூணு விஷயம் பாருங்க: ரேக் உயரம் 50, 55 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது, ரேக்கோட முன்பக்கம் ஸ்பீக்கரோட முன்பக்கத்தை விட குறைஞ்சது ஒரு அடி பின்னாடி இருக்கணும், கண்ணாடிக் கதவு வேணாம். டிவி இருந்தா பாட்டு கேக்குறப்ப ஒரு கனமான போர்வையை மேல போட்டுப் பாருங்க, குரல் மாறுறது உங்களுக்கே தெரியும்.

பக்கச் சுவத்துல வைக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது, ஆனா எங்க வேணா வச்சுடக் கூடாது. ஸ்பீக்கர் சத்தம் பக்கச் சுவத்துல பட்டு உங்க காதுக்கு வர்ற முதல் இடம் ஒண்ணு இருக்கு. அதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். நீங்க நாற்காலில உக்காந்துக்கோங்க, வீட்ல யாராவது ஒருத்தர் முகம் பாக்குற கண்ணாடியை சுவத்தோட ஒட்டிப் பிடிச்சு மெதுவா நகத்தட்டும், எந்த இடத்துல உங்களுக்கு ட்வீட்டர் (ஸ்பீக்கர்ல கீச்சுச் சத்தம் வர்ற சின்ன வட்டம்) தெரியுதோ அதுதான் அந்த இடம். என் ரூம்ல அது முன்சுவத்துலேர்ந்து சுமார் நாலரை அடில வந்துச்சு. அந்த இடத்துல ஒரு பக்கம் மட்டும் ரேக் வந்தா இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் வேற மாதிரியும் கேக்கும். அதைத் தாண்டி, ஆறேழு அடிக்கு அப்புறம், உக்கார்ற இடத்துக்குப் பக்கவாட்டுல வச்சா கை நீட்டி ரெக்கார்டு மாத்தலாம், குரலுக்கும் ஒண்ணும் ஆகாது.

நாற்காலிக்கு நேர் பின்னாடி வைக்கலாமான்னு கேப்பாங்க. வைக்கலாம், ஆனா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டணும், வயரும் நீளம். இடம் இல்லாதவங்களுக்கு மட்டும்.

3. டர்ன்டேபிள் இருந்தா மூலையை மறந்துடுங்க

இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். எந்த ரூமுக்கும் அதோட நீளம், அகலம், உயரத்தைப் பொறுத்து சில பேஸ் சத்தம் மட்டும் தேங்கி நிக்கும். கணக்கு சுலபம், சத்தத்தோட வேகத்தை ரூம் நீளத்தோட (மீட்டர்ல) ரெண்டு மடங்கால வகுக்கணும். நம்ம ஊர் வெயில்ல வேகம் செகண்டுக்கு சுமார் 347 மீட்டர். 14 அடி நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 10 அடி உயரத்துக்கு 57. இந்த மூணுமே சுவர் ஓரத்துல அதிகமா இருக்கும், ரூம் நடுவுல கம்மியா இருக்கும். மூலைல மூணும் சேந்துக்கும். அங்க கொண்டுபோய் டர்ன்டேபிளை வச்சா அந்த அதிர்வு ஊசிக்குப் போய், ஆம்ப்ல பெருசாகி, ஸ்பீக்கர்ல வந்து, திரும்ப ஊசிக்கே போகும். வால்யூம் ஏத்த ஏத்த ஊம்ம்னு ஒரு சத்தம் ஏறிக்கிட்டே போகும், இல்லேன்னா பேஸ் மொத்தமா கலங்கிக் கேக்கும். ஆனா கடைக்காரங்க, இன்டீரியர் ஆளுங்க எல்லாரும் "மூலைல வச்சா இடம் அடைக்காது சார்"ன்னுதான் சொல்வாங்க.

இடம் தேட இப்படிப் பண்ணுங்க. ஃபோன்லேர்ந்து 41, 47, 57 ஹெர்ட்ஸ் டோனை ஒவ்வொண்ணா உங்க ஸ்பீக்கர்ல ஓட விடுங்க, வால்யூம் கம்மியா வைங்க, இந்த மாதிரி டோனை சத்தமா வச்சா வூஃபர் (ஸ்பீக்கர்ல பேஸ் வர்ற பெரிய வட்டம்) அடி வாங்கும். அப்புறம் டர்ன்டேபிள் நிக்கப் போற உயரத்துக்கு குனிஞ்சு, சுவர் ஓரமாவே நடந்து கேளுங்க. ஒரு இடத்துல காதை அடைக்கும், சில அடி தள்ளினா சத்தமே காணாம போயிடும். அந்தக் காணாம போற இடம்தான் உங்களுக்கு வேணும். மூணு டோனுக்கும் ஒரே இடம் கிடைக்காது, ரெண்டுக்குக் கிடைச்சாலே போதும். கம்ப்யூட்டர்ல அளக்கத் தெரிஞ்சவங்க ரூம் ஈக்யூ விஸார்டுங்கற சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது, யூமிக்-1ங்கற அளக்குற மைக் நண்பர்கள்ட்ட கடன் கிடைச்சா வாங்கி அளந்துக்கலாம், இந்த ஒரு வேலைக்காக காசு போட்டு வாங்கணும்னு அவசியம் இல்ல.

சிடி, ஸ்ட்ரீமர் மட்டும்தான்னா இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவையில்ல, மூலைலயே வைங்க.

4. சுவர், ஏசி, ஜன்னல்

ரேக் வைக்கப் போற சுவர் வெளிச்சுவரா உள்சுவரான்னு பாருங்க. வெளிச்சுவர்னா ஐப்பசி கார்த்திகை மழைல ஓதம் இறங்குதான்னு ஒரு மழைக்காலம் பாத்துட்டு வைக்கிறது நல்லது, காத்திருக்க முடியாதவங்க பெயிண்ட் உப்பியிருக்கான்னு கையால தடவிப் பாருங்க, முன்னாடி குடியிருந்தவங்ககிட்டயோ பக்கத்து வீட்லயோ கேளுங்க. எந்தச் சுவரா இருந்தாலும் 15 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க, காத்தும் போகும், வயர் மாத்தக் கையும் போகும்.

ஸ்ப்ளிட் ஏசி இன்டோர் யூனிட்டுக்குக் கீழ கண்டிப்பா வேணாம். ட்ரெயின் பைப் அடைச்சா தண்ணி சொட்டாம இருக்காது, அது நேரா ஆம்போட மேல்மூடி ஓட்டை வழியா உள்ள போகும். யூனிட்டோட ரெண்டு ஓரத்துலேர்ந்தும் 2 அடி தள்ளி வைங்க. மேற்கு ஜன்னல் வெயில் நேரா விழற இடமும் வேணாம், ரெக்கார்டு வளைஞ்சுடும்.

சுவத்துல பிராக்கெட் அடிச்சு டர்ன்டேபிளை மாட்டுறது நல்ல யோசனைதான், ஆனா பலகைத் தரை வீட்டுக்குத்தான் அது அவசியம். நம்ம கான்கிரீட் தரைக்கு கனமான ரேக்கே போதும். அப்படியும் மாட்டணும்னா 9 இஞ்ச் செங்கல் சுவர்ல மாட்டுங்க. நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர் பேஸுக்கு தானே அதிரும். புது அப்பார்ட்மென்ட் நிறையதுல ஏஏசி பிளாக்தான் (எடை குறைஞ்ச கான்கிரீட் கல்), அதுல சாதா பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, அதுக்குன்னே இருக்குற ஆங்கர் கேட்டு வாங்குங்க.

5. கரன்ட்

எல்லா சாமானும் ஒரே பிளக் பாயிண்ட்லேர்ந்து எடுக்கணும். த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன் இருக்குற வீட்ல இந்தச் சுவர் பாயிண்ட் ஒரு ஃபேஸ், எதிர்ச்சுவர் வேற ஃபேஸா இருக்கலாம், ஆம்ப் இங்கயும் ஸ்ட்ரீமர் அங்கயும் சொருகினா எர்த் சுத்தி வந்து 50 ஹெர்ட்ஸ் ஹம் (ஊம்னு விடாத இரைச்சல்) கேக்கும். ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட், அதுலேர்ந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டு, அவ்ளோதான். வீட்டு ஸ்டீரியோவுக்கு அது தாராளம்.

அது இன்வெர்ட்டர் லைனான்னு கேட்டுக்கோங்க. கரன்ட் போனப்ப ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடினா ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் கிர்ருன்னு கத்தும். மெயின்ஸ்ல மட்டும் ஓடுற பாயிண்ட் வேணும். எலக்ட்ரீஷியனை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்ட் அளக்கச் சொல்லுங்க, ரெண்டு மூணு வோல்ட்டைத் தாண்டினா சரி பண்ணச் சொல்லுங்க. ஹம் வருதுன்னு எர்த் பின்னைப் பிடுங்கிடுங்கன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்கவே கேக்காதீங்க, உயிருக்கு ஆபத்து. டிவி செட்டாப் பாக்ஸை ஆம்ப்ல கோத்திருந்தா அந்த கேபிளை ஒரு தடவை கழட்டிப் பாருங்க, பல வீட்ல ஹம் அது வழியாத்தான் வருது.

6. வயர் நீளம், அதுக்கு ஆகுற காசு

பக்கச் சுவர்ல ரேக் வச்சா தூரத்து ஸ்பீக்கருக்கு வயர் சுவர் ஓரமா சுத்திப் போக 6 மீட்டர் பக்கம் வரும். பயப்பட ஒண்ணும் இல்ல. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.008 ஓம், 6 மீட்டர் போய்த் திரும்ப 12 மீட்டர், மொத்தம் 0.1 ஓம்கூட வரல. 4 ஓம் ஸ்பீக்கருக்கே அது இரண்டரை சதவீதத்துக்குள்ள, 5 சதவீதம் வரைக்கும் காதுக்குத் தெரியாதுன்னு வச்சுக்கிறதுதான் வழக்கம். இந்த வயர் நான் விசாரிச்சப்ப மீட்டர் 100லேர்ந்து 200 ரூபாக்குள்ள. பத்து மடங்கு வெலை சொல்ற வயர் வாங்குற காசுல ஒரு நல்ல கம்பளம் வாங்கி ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவுல போடுங்க, பாட்டுல வித்தியாசம் தெரியும்.

நீட்டவே கூடாதது டர்ன்டேபிள்லேர்ந்து ஃபோனோவுக்கு (ஊசி சிக்னலைப் பெருசாக்குற பகுதி, ஆம்புக்குள்ளயோ தனிப் பெட்டியாவோ இருக்கும்) போற வயர். எம்எம் (மூவிங் மேக்னட்) வகை கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி மாட்டியிருக்குற பகுதி, வயரோட கெபாசிட்டன்ஸ் (மின்சாரத்தைத் தேக்குற தன்மை) இவ்ளோதான் தாங்கும்னு கணக்கு இருக்கு, ஆடியோ டெக்னிகா விஎம்95இ 100லேர்ந்து 200 பிக்கோஃபாரட், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 150லேர்ந்து 300. சாதா வயர் ஒரு மீட்டருக்கே 100 பக்கம் சாப்பிட்டுடும், ஆம்ப்க்குள்ள வேற தனியா இருக்கும். அதனால ஒரு மீட்டர், மிஞ்சிப் போனா ஒன்றரை. டர்ன்டேபிளும் ஃபோனோவும் ஒரே ரேக்ல இருந்தே ஆகணும்னு சொல்றது இதனாலதான். அதுக்காக ஆம்புக்கு நேர் மேல் தட்டுல வச்சுடாதீங்க, டிரான்ஸ்ஃபார்மரோட ஹம்மை கார்ட்ரிட்ஜ் இழுத்துக்கும், ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும். பவர் கார்டும் சிக்னல் வயரும் ஒண்ணா கட்டிப் போடாதீங்க, கடந்துதான் போகணும்னா குறுக்கா போகட்டும்.

7. ரேக் அளவும் செலவும்

சாமான் பெரும்பாலும் 43 சென்டிமீட்டர் அகலம், டெக்னிக்ஸ் 1200 வகை டர்ன்டேபிள் 45.3. உள் அகலம் 55 வைங்க, ஆழம் 45. ஆம்ப்க்குத் தலைக்கு மேல குறைஞ்சது 12 சென்டிமீட்டர் காலி இடம், ட்யூப் ஆம்போ (கண்ணாடி வால்வு வச்சது) கிளாஸ் ஏ வகை ஆம்போ இருந்தா மேல தட்டுல திறந்து வைங்க, அது பாட்டு ஓடாம சும்மா இருந்தாலும் ஹீட்டர் மாதிரி சூட்டைக் கக்கிட்டே இருக்கும். குழந்தைங்க இருக்குற வீடுன்னா ட்யூப் மேல இருக்குற கூண்டைக் கழட்டாதீங்க. டர்ன்டேபிள் மூடி முழுசா திறக்க மேலயும் பின்னாடியும் இடம் வேணும், வாங்குறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து டேப்பால அளந்துட்டு வாங்க.

பின்பக்கப் பலகை அடிக்க வேணாம்னு கார்பென்டர்ட்ட முதல்லயே சொல்லிடுங்க, சொல்லலேன்னா அடிச்சுட்டு வயருக்கு ரெண்டு ஓட்டை போட்டுக் குடுப்பார், சூடு உள்ளயே நிக்கும். அந்த மாதிரி கதகதப்பான பெட்டிக்குள்ள பல்லி வேற போய் தங்கும், போர்டுல ஷார்ட் ஆகி ஆம்ப் சர்வீஸுக்குப் போற கேஸ் நம்ம ஊர்ல நிறைய. பின்பக்கம் திறந்து வச்சு, ஆம்போட ஓட்டையைத் துணி போட்டு மூடாம, வாரம் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாத்தா போதும்.

18 மில்லிமீட்டர் ப்ளைவுட், லேமினேட் ஒட்டி, சதுர அடிக்கு 1,200லேர்ந்து 1,800 ரூபா வரைக்கும் எனக்குச் சொன்னாங்க. பார்ட்டிகிள் போர்டு ரெடிமேட் இதுல பாதிக்கும் கீழ வரும், ஆனா 15 கிலோ ஆம்ப் வச்சா ஒரு வருஷத்துல நடுவுல தொங்கிடும். செலவைக் குறைக்கணும்னா இரும்பு ஃப்ரேம் வெல்டிங் பண்ணி, கல் கடைல கடப்பா கல் வெட்டித் தட்டா போட்டுக்கலாம். கல்லைத் தட்டினா டங்குன்னு ஒலிக்கும், அதனால ஃப்ரேமுக்கும் கல்லுக்கும் நடுவுல ரப்பர் துண்டு வைக்கணும். மேல் தட்டு ரசமட்டம் வச்சு ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும், நாலு கால்லயும் திருகி ஏத்தி இறக்குற மாதிரி புஷ் வைக்கச் சொல்லுங்க, டைல்ஸ் எந்த வீட்லயும் சமமா இருக்காது.

8. காகிதம், அனுமதி, எது முன்ன எது பின்ன

வாடகை வீடுன்னா சுவத்துல ட்ரில் பண்ண, புது பாயிண்ட் இழுக்க ஓனர்ட்ட வாட்ஸ்அப்லயாவது எழுத்துல சம்மதம் வாங்குங்க, 11 மாச அக்ரிமென்ட் முடிஞ்சு அட்வான்ஸ் திருப்புறப்ப வாய் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல ட்ரில்லிங் நேரம் கேட்டுக்கோங்க, ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் விட மாட்டாங்க.

ரேக்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாமானோட முதுகையும் ஃபோட்டோ எடுங்க. சீரியல் நம்பர் அங்கதான் இருக்கும், சர்வீஸ் சென்டர்ல முதல்ல கேக்குறது அந்த நம்பரும் பில்லும்தான், 15 கிலோ ஆம்பை ஒவ்வொரு தடவையும் இழுக்க முடியாது. பில், வாரன்டி கார்டு, மேனுவல்ல காத்தோட்ட இடைவெளி போட்டிருக்குற பக்கம் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வைங்க. வயர் ரெண்டு முனையிலயும் பேர் எழுதி ஒட்டுங்க.

வேலை வரிசை: டேப் மார்க் ரெண்டு வாரம், அப்புறம் எலக்ட்ரீஷியன், அதுக்கப்புறம் பெயிண்ட், கடைசில கார்பென்டர். புது பாயிண்ட் கன்சீல்டா இழுக்க எனக்கு 2,000 ரூபா பக்கம் சொன்னாங்க, பெயிண்ட் முடிஞ்ச பிறகு கூப்பிட்டா சுவத்தை வெட்டி, பூசி, திரும்ப அடிக்கிற செலவு அதை விட ஜாஸ்தி. கார்பென்டர் ஒரு வாரம்னு சொன்னா மூணு வாரம்னு வச்சுக்கோங்க. ரேக் வந்ததும் பசை வாசனை போக ஒரு வாரம் திறந்து போடுங்க, புது பாலிஷ் மேல ரப்பர் காலை உடனே வச்சா கறை பிடிச்சுக்கும்.

9. வச்சு முடிச்சதும் ஒரு சோதனை

பிளேட்டர் (ரெக்கார்டு சுத்துற தட்டு) சுத்தாம நிறுத்தி, ஒரு பழைய ரெக்கார்டு மேல ஊசியை இறக்குங்க. ஃபோனோ இன்புட்டுக்கு மாத்தி, கையை வால்யூம் மேலயே வச்சுக்கிட்டு மெதுவா ஏத்துங்க. நீங்க வழக்கமா கேக்குற அளவைத் தாண்டியும் அமைதியா இருந்தா இடம் சரி. ஊம்னு ஏறினா உடனே குறைச்சுடுங்க, ரேக்கை ஒரு அடி தள்ளி மறுபடி பாருங்க. அப்புறம் விரலால ரேக்கோட கீழ்த் தட்டை லேசா தட்டுங்க, ஸ்பீக்கர்ல டொக்குன்னு பலமா கேட்டா கால் சரியா உக்காரல, புஷ்ஷைத் திருகி நாலும் தரையைத் தொடுற மாதிரி பண்ணுங்க.

அட்டைப்பெட்டி, தெர்மாகோல், டர்ன்டேபிளோட வந்த ஷிப்பிங் ஸ்க்ரூ எல்லாத்தையும் பரண்ல போட்டு வைங்க, வீடு மாத்துறப்பவும் சர்வீஸுக்கு அனுப்புறப்பவும் அது தேவைப்படும்.